7800எக்ஸ்3டி-யா, 14700கே-யா? விளையாட்டு, வேலை, பணம் மூன்றுக்கும் பொருந்தும் பிராசசரைத் தேர்ந்தெடுக்கும் வழி

சென்ற கோடையில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவன் என் அக்கா மகன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. படித்தது போக மீதி நேரமெல்லாம் ஃபிளைட் சிமுலேட்டரில் விமானம் ஓட்டுகிறவன். இன்னொருவர் கல்யாண வீடியோக்களை எடிட் செய்யும் நண்பர். முகூர்த்த மாதங்களில் தூங்க நேரம் கிடைக்காதவர். இருவர் கையிலிருந்த சீட்டிலும் அதே இரண்டு பெயர்கள்தான்: ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி, இன்டெல் கோர் ஐ7-14700கே. "இதில் எது நல்லது?" என்று இருவரும் கேட்டார்கள். இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தால் ஒருவருடைய பணம் வீணாகியிருக்கும்.

இந்த இரண்டையும் எடைபோட நான் கையாண்ட வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். வேறு இரண்டு பிராசசர்களுக்கும் இதே வழி பொருந்தும். 'செயலி' என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் ஃபோனில் இறக்கிக்கொள்ளும் ஆப்புக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டதால், குழப்பம் வராமலிருக்கப் பிராசசர் என்றே எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் கம்ப்யூட்டர் எதற்காகக் காத்திருக்கிறது?

புதிய பிராசசரைப் பற்றி ஒரு வரி படிப்பதற்கு முன், இப்போது மேசை மேல் இருக்கும் கம்ப்யூட்டரைச் சோதியுங்கள். அரை மணி நேரம் போதும். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

விளையாட்டில் ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு படமும், இரண்டு இடங்களைக் கடந்து திரைக்கு வருகிறது. யார் எங்கே நிற்கிறார்கள், எது எதில் மோதுகிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று பிராசசர் முதலில் கணக்குப் போடுகிறது. அதன்பின் கிராஃபிக்ஸ் கார்டு வரைகிறது. இரண்டில் எது மெதுவோ, அதன் வேகம்தான் உங்களுக்குக் கிடைக்கும். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும், அடுப்படியிலிருந்து சாம்பார் வந்தால்தானே இலையில் விழும்?

விண்டோஸில் 'விண்டோஸ்' விசையையும் 'ஜி' விசையையும் சேர்த்து அழுத்தினால் கேம் பார் திறக்கும். அதில் பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, ரேம் மூன்றின் பயன்பாடும் ஃபிரேம் எண்ணிக்கையும் தெரியும். ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்கையும் ஃபிரேம் வரம்பையும் முதலில் அணைத்துவிடுங்கள். அவை இயங்கினால் அளவு பொய்யாகிவிடும். பிறகு உங்கள் விளையாட்டில் மிகவும் திணறும் இடத்துக்குப் போங்கள். கிராஃபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் தடை கார்டில் இருக்கிறது. எந்தப் பிராசசர் வாங்கினாலும் பெரிய மாற்றம் வராது. கார்டு 60, 70 சதவீதத்தில் சும்மா இருக்க ஃபிரேம்கள் ஏறாமல் நின்றால், பிராசசரோ ரேமோதான் பிடித்து இழுக்கிறது.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பிராசசர் பயன்பாடு 35 சதவீதம் என்று காட்டும். "இன்னும் 65 சதவீதம் மிச்சமிருக்கிறதே" என்று தோன்றும். ஒரு பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பல கோர்கள் உண்டு. அந்த எண் எல்லாக் கோர்களின் சராசரி. விளையாட்டின் முக்கிய வேலை ஒன்றிரண்டு கோர்களில்தான் ஓடுகிறது. அவை மூச்சுமுட்ட உழைக்க, மற்றவை சும்மா இருக்கலாம். ஆகவே பிராசசரின் சதவீதத்தை நம்பாதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டின் சதவீதத்தைப் பாருங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் இன்னொரு சோதனை செய்யலாம். ரெசல்யூஷனை 1280×720-க்கு இறக்கிவிட்டு அதே இடத்தில் மீண்டும் விளையாடுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் குறைந்துவிட்டதால் கார்டின் சுமை குறையும். ஃபிரேம்கள் வேகமாக ஏறினால் தடை கார்டில் இருந்தது. அசையாமல் அதே எண்ணில் நின்றால் பிராசசர் பக்கம்தான் தடை. என் அக்கா மகன் பெரிய நகரம் ஒன்றின் மேல் தாழப் பறந்து இந்தச் சோதனையைச் செய்தான். படம் கரகரவென்று மங்கியதே தவிர ஃபிரேம்கள் ஏறவில்லை. அவனுக்குப் புதிய பிராசசர் தேவை என்பது எனக்கு அப்போதுதான் உறுதியானது.

இரண்டாம் படி: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

7800எக்ஸ்3டி 2023 ஏப்ரலில் 449 டாலர் விலையில் வந்தது. எட்டுக் கோர், பதினாறு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்), உச்ச வேகம் 5 ஜிகாஹெர்ட்ஸ். பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய நினைவகமான எல்3 கேஷ் மட்டும் 96 மெகாபைட். மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட் ஏஎம்5 வகை. டிடிஆர்5 ரேம் மட்டுமே ஏற்கும்.

14700கே அதே ஆண்டு அக்டோபரில் 409 டாலருக்கு வந்தது. இதில் இரண்டு வகைக் கோர்கள் உண்டு. கனமான வேலைக்கு எட்டு, சிக்கனமாக ஓடப் பன்னிரண்டு. ஆக இருபது கோர், இருபத்தெட்டு திரெட். உச்ச வேகம் 5.6 ஜிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் 33 மெகாபைட். எல்ஜிஏ 1700 சாக்கெட். மதர்போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 போடலாம்.

கோரும் ஜிகாஹெர்ட்ஸும் மட்டும் பார்க்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு 14700கே என்பார். பாதிக்கும் குறைவான கோர்களோடும் குறைந்த வேகத்தோடும் இருக்கும் 7800எக்ஸ்3டி விளையாட்டில் அதை முந்துவதற்குக் காரணம் கேஷ்.

மூன்றாம் படி: விளையாட்டில் கேஷ் என்ன செய்கிறது?

மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி கேட்கும் சாமான் கைக்கெட்டும் அலமாரியில் இருக்கும். மற்றவை பின்தெருக் கிடங்கில் இருக்கும். அலமாரி சிறியதானால் பையன் கிடங்குக்கு ஓடிக்கொண்டே இருப்பான். அதுவரை கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிராசசருக்கு எல்3 கேஷ் அலமாரி, ரேம் கிடங்கு. கேஷில் இருக்கும் தகவல் சுமார் 10 நானோ விநாடியில் கைக்கு வரும். ரேமுக்குப் போய் வர ஏறத்தாழ 70, 80 நானோ விநாடி ஆகும். 5 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு அது 350 சுழற்சிக்கும் மேற்பட்ட காத்திருப்பு.

எட்டுக் கோர் சில்லின் மேல் 64 மெகாபைட் கேஷை இன்னொரு அடுக்காக ஒட்டி, இந்த ஓட்டத்தை ஏஎம்டி குறைத்தது. பெயரிலுள்ள '3டி' அதைத்தான் குறிக்கிறது. மேலே ஓர் அடுக்கு போர்த்தியதுபோல் இருப்பதால் வெப்பம் வெளியேறுவது கடினம். அதனால்தான் இதன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் கேஷ் அடுக்கைக் கோர்களுக்குக் கீழே மாற்றியதும் இதற்காகவே.

எல்லா விளையாட்டுக்கும் இந்த அலமாரி ஒரே அளவு உதவாது. ஃபிளைட் சிமுலேட்டர், ஃபேக்டோரியோ போல ஆயிரக்கணக்கான பொருள்களை நொடிக்கு நொடி கணக்கிடுகிறவை, அசெட்டோ கோர்சா போன்ற கார்ப் பந்தயங்கள், நிறையப் பேர் ஒரே இடத்தில் கூடும் இணைய விளையாட்டுகள் ஆகியவற்றில் வேறுபாடு நன்றாகத் தெரியும். சைபர்பங்க் 2077-ஐ 4கே-யில், ரே டிரேசிங்கோடு ஓடவிட்டால் இரண்டு பிராசசருக்கும் நடுவே கண்ணால் காண எதுவும் மிஞ்சாது. அங்கே கார்டுதான் திணறிக்கொண்டிருக்கும்.

ஒப்பீட்டு வரைபடங்களைப் படிக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, சோதனை எந்தக் கார்டில், எந்த ரெசல்யூஷனில் நடந்தது என்பது. விமர்சகர்கள் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற உச்சக் கார்டைப் போட்டு 1920×1080-இல் சோதிப்பது வழக்கம். கார்டு குறுக்கே நிற்காமல் பிராசசரின் வேறுபாடு மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அது சரியான முறை. ஆனால் நடுத்தரக் கார்டு வைத்திருப்பவர் அந்த இடைவெளி தனக்கும் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது.

இன்னொன்று, சராசரியோடு நின்றுவிடாமல், மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தைக் காட்டும் 'ஒரு சதவீதத் தாழ்வு' என்ற எண்ணையும் பார்ப்பது. சராசரி 120 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 8.3 மில்லி விநாடி. நடுவே ஒரே ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி எடுத்தால் சராசரி அசையாது. ஆனால் கையில் ஒரு வெட்டு தெரியும். வளைவில் திரும்பும் கார் ஒரு கணம் நின்று துள்ளும். இந்தத் துள்ளலைத்தான் பெரிய கேஷ் நன்றாகக் குறைக்கிறது. சராசரியில் கிடைக்கும் லாபத்தைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

நான்காம் படி: வேலையைக் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள்

'புரொடக்டிவிட்டி' என்ற ஒரே பெட்டியில் எல்லா வேலைகளையும் போட்டுவிடுகிறார்கள். எக்செல், பிரவுசர், கடிதம், கணக்கு மட்டும் உங்கள் வேலை என்றால் இந்த இரண்டில் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. இவற்றின் விலையில் பாதிக்கும் குறைவான பிராசசர் அந்த வேலைகளைத் தடையில்லாமல் செய்யும். மிச்சப் பணத்தில் நல்ல மானிட்டர் வாங்குங்கள்.

எல்லாக் கோர்களையும் நிரப்பும் வேலைகள் வேறு: பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பிராசசரை வைத்து ரெண்டர் செய்வது, பெரிய நிரலைக் கம்பைல் செய்வது, மென்பொருள் முறையில் வீடியோவை என்கோடு செய்வது போன்றவை. இவற்றில் 14700கே தனி வலிமையோடு நிற்கிறது. பிராசசரின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23-இன் பல கோர் சோதனையில் 7800எக்ஸ்3டி சுமார் 18,000 புள்ளிகளும் 14700கே சுமார் 35,000 புள்ளிகளும் எடுக்கின்றன. ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு மணி நேர ரெண்டர் அரை மணியில் முடிகிறது என்றால், அதில் வயிறு வளர்க்கிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

வீடியோ எடிட்டிங்குக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எண்களில் அது தெரியாது. இன்றைய கேமராக்கள் பலவற்றில் நிற விவரம் கூடுதலான 10 பிட் 4:2:2 முறையில், இறுக்கிச் சுருக்கிய எச்.265 கோப்பாகப் பதிவு செய்கிறார்கள். இதை டைம்லைனில் ஓட்டினால் பல கம்ப்யூட்டர்கள் திக்கும். 14700கே-யின் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸில் 'குயிக் சிங்க்' என்ற பகுதி இந்த வகைக் கோப்பை நேரடியாகப் பிரித்துத் தரும். 7800எக்ஸ்3டி-யின் உள் கிராஃபிக்ஸுக்கு அந்தத் திறன் இல்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை அந்தக் கார்டுகளுக்கும் இல்லை. 2025-இல் வந்த 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். என் நண்பருடைய கேமரா இதே வடிவத்தில்தான் பதிவு செய்கிறது. தாலி கட்டும் காட்சியில் இரண்டு கேமராக் கோப்புகளை அடுக்கி வைத்து ஓட்டிக் காட்டினார். கெட்டிமேளம் காதில் ஓட, படம் மாப்பிள்ளையின் கையிலேயே உறைந்து நின்றது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பிராக்ஸி கோப்பு (எடிட்டிங்குக்கான எடை குறைந்த நகல்) உருவாக்கவே ஓர் இரவு போகிறது என்றார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சற்று மலிவாகக் கிடைக்கும் 14700கேஎஃப்-இல் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. எனவே குயிக் சிங்கும் கிடையாது. எடிட்டிங் செய்கிறவர் ஓர் எழுத்தில் ஏமாந்துவிடக் கூடாது.

உங்கள் வேலையில் அடிக்கடி காக்கவைக்கும் ஒரு காரியத்தை எடுத்து, ஃபோனில் நேரம் வைத்து மூன்று முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் அது எத்தனை முறை வருகிறது என்றும் குறியுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் மிச்சமாவதற்கும் இரண்டு மணி நேரம் மிச்சமாவதற்கும் ஒரே விலை கொடுக்க முடியாது.

ஐந்தாம் படி: வாட், வெப்பம், மின்கட்டணம்

விளையாடும்போது 7800எக்ஸ்3டி பெரும்பாலும் 50 முதல் 80 வாட்டுக்குள் முடித்துக்கொள்கிறது. 14700கே 100 வாட்டைத் தாண்டி, சில விளையாட்டுகளில் 150 வாட்டையும் தொடும். இடைவெளியை 70 வாட் என்று கொள்வோம். நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 17 யூனிட். தமிழ்நாட்டில் அடுக்குக் கட்டணம் இருப்பதால், உங்கள் வீடு எந்த அடுக்கின் விளிம்பில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுச் சுமையில் 14700கே 253 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. 7800எக்ஸ்3டி அதே சோதனையில் 90 வாட்டைச் சுற்றி நிற்கும். ஆனால் 253 வாட்டில் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை 90 வாட்டில் இரண்டு மணி நேரம் ஓடினால் செலவு 253-க்கு எதிராக 180 வாட்-மணி. வேறுபாடு முதலில் தெரிந்த அளவுக்குப் பெரிதல்ல. உண்மையான சிரமம் வெப்பத்தில்தான். ஏசி இல்லாத பத்துக்குப் பத்து அறையில், மே மாத மதியத்தில், கார்டின் வெப்பமும் சேர்ந்து வெளியே கொட்டும்போது உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அது தெரியும். மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் 14700கே-யின் மின்வரம்பை 125 வாட்டுக்கு இறக்கலாம். ரெண்டரில் கொஞ்சம் வேகம் போகும். விளையாட்டில் இழப்பு மிகக் குறைவு. எங்கள் ஊர் வெயிலுக்கு அதை நான் தயங்காமல் சொல்வேன்.

வீட்டிலிருக்கும் 600 விஏ யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 14700கே-யும் 200 வாட் கார்டும் சேர்ந்து உச்சத்துக்குப் போனால், கரண்ட் போன நொடியில் யு.பி.எஸ்-உம் கைவிட்டுவிடும்.

ஆறாம் படி: பெட்டி விலையோடு நிறுத்தாதீர்கள்

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். இரண்டு பக்கமும் பிராசசர், மதர்போர்டு, ரேம், கூலர், மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். என்று எழுதி, ஒரே நாளில், ஒரே கடையில் விலை கேட்டு நிரப்புங்கள். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் நான் ரூபாய் எண்கள் தரவில்லை. எங்கே கூடும், எங்கே குறையும் என்று சொல்ல முடியும்.

இரண்டின் பெட்டியிலும் கூலர் வராது. 7800எக்ஸ்3டி-க்கு நல்ல ஒற்றைக் கோபுரக் காற்றுக் கூலர் போதும். சாதாரண பி650 போர்டும் போதும். 14700கே-யை முழு வேகத்தில் ஓட்ட 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலரோ பெரிய இரட்டைக் கோபுரமோ வேண்டும். மலிவான பி760 போர்டின் மின்பகுதி 253 வாட்டை நெடுநேரம் தாங்காமல் வேகத்தைக் குறைத்துவிடும். இவற்றைக் கூட்டும்போது வெளியீட்டில் இருந்த 40 டாலர் மலிவு காணாமல் போய்விடுகிறது.

மறுபக்கம், உங்களிடம் நல்ல டிடிஆர்4 ரேம் இருந்தால் 14700கே-க்கு அதையே பயன்படுத்தலாம். 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியபின் இது சிறிய சலுகை இல்லை. ஆனால் எல்ஜிஏ 1700-க்கு 14-ஆம் தலைமுறையே கடைசி. 2024 அக்டோபரில் இன்டெல் எல்ஜிஏ 1851-க்குப் போய்விட்டது. ஏஎம்5-ஐக் குறைந்தது 2027 வரை ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்று வாங்கும் போர்டில் பயாஸைப் புதுப்பித்து 9800எக்ஸ்3டி-யை உட்காரவைக்கலாம். ஐந்தாறு ஆண்டு வைத்திருந்து நடுவில் ஒருமுறை பிராசசரை மட்டும் மாற்றும் பழக்கமுள்ளவருக்கு இதுதான் பெரிய லாபம்.

ஏழாம் படி: வாங்கும்போதும் பொருத்தும்போதும்

பெட்டியோடு வரும் பிராசசரையே கேளுங்கள். 'டிரே' என்ற பெயரில் பெட்டியில்லாமல் விற்பதற்கு விற்றவர்தான் உத்தரவாதம். இது முக்கியமாக 14700கே-க்குப் பொருந்தும். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் சில அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலைகுலைந்தன. இதைத் தடுக்க 2024 ஆகஸ்டில், பிராசசரின் உள் நிரலைத் திருத்தும் 0எக்ஸ்129 மைக்ரோகோடும் அடுத்த மாதம் 0எக்ஸ்12பி-யும் வந்தன. பெட்டியில் விற்றவற்றுக்கு இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. மைக்ரோகோடு இனி வரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. அதனால் பழைய, கைமாறிய 14700கே-யை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஏஎம்டி பக்கமும் 2023 ஏப்ரலில் சில 7000எக்ஸ்3டி பிராசசர்கள் போர்டின் மிகையான மின்னழுத்தத்தால் கருகின. அதன்பின் பயாஸில் அந்த அழுத்தத்துக்கு 1.3 வோல்ட் வரம்பு வைத்தார்கள். எதை வாங்கினாலும் முதல் வேலை, பயாஸைப் புதுப்பிப்பது.

இரண்டிலும் ஊசிகள் பிராசசரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. தலைமுடியைப் போன்ற மெல்லிய ஊசிகள். மூலையிலுள்ள சிறிய முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு சேர்த்து, விளிம்புகளை இரண்டு விரல்களால் பிடித்து நேராக இறக்குங்கள். தானாக உட்கார வேண்டும். அழுத்தக் கூடாது, நகர்த்தவும் கூடாது. உட்கார்ந்ததும் நெம்புகோலை இறக்கும்போது கர்ரென்று ஒரு சத்தமும் எதிர்ப்பும் வரும். முதல்முறை செய்கிறவர் பயந்து கையை எடுத்துவிடுவார். அது இயல்புதான்.

பிறகு பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்.எம்.பி. அமைப்பை இயக்குங்கள். ஒரு கடையில் பூட்டி வாங்கிய கம்ப்யூட்டரை ஓராண்டு கழித்து என்னிடம் கொண்டுவந்தார்கள். 6000 வேக ரேமுக்குப் பணம் கொடுத்தவர் அத்தனை நாளும் 4800-இலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எட்டாம் படி: முடிவு, அதன்பின் மறுசோதனை

விளையாட்டே முதன்மை, முதல் படியில் பிராசசர்தான் தடை என்று தெரிந்துவிட்டது, நல்ல கார்டும் இருக்கிறது என்றால் 7800எக்ஸ்3டி. நாள்தோறும் ரெண்டர், கம்பைல், 4:2:2 எடிட்டிங் என்றால் 14700கே. விளையாட்டிலும் அது மிக நன்றாகவே ஓடும். கார்டுதான் தடை என்றால் இரண்டும் வேண்டாம், கார்டை மாற்றுங்கள்.

நண்பர் 14700கே எடுத்தார். 125 வாட் வரம்போடு ஓட்டுகிறார். ஆவணி முகூர்த்தங்களுக்குப் பிராக்ஸி கோப்பு உருவாக்குவதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னார். அக்கா மகனுக்கு 7800எக்ஸ்3டி. பூட்டிய அன்று மாலை அதே நகரத்தின் மேல், அதே உயரத்தில் அவனைப் பறக்கச் சொல்லி முதல் படியின் சோதனையை மீண்டும் செய்தோம். ஃபிரேம் எண்ணிக்கை உயர்ந்திருந்தது, துள்ளல் நின்றிருந்தது. கேம் பாரில் கிராஃபிக்ஸ் கார்டு 98 சதவீதம் என்று காட்டியது.

"மாமா, இப்போது கார்டு திணறுகிறதே?" என்றான். ஆமாம், காத்திருப்பு இடம் மாறிவிட்டது. பழைய தாளில் அந்த எண்ணையும் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.